இணையம் கையில், விண்ணப்பம் கடையில்

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது பிரவுசிங் சென்டர்களின் காலம் முடிந்தது என்று பலரும் கணக்குப் போட்டார்கள். மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக் கணினியை விட்ட தொழில் உண்மையிலேயே ஓய்ந்துவிட்டது. தேர்வு முடிவு பார்க்கக்கூட இப்போது யாரும் கடைக்குப் போவதில்லை. மதிப்பெண் செல்போனுக்கே வந்துவிடுகிறது. ஆனாலும் தருமபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் கடைவீதிகளில் ‘ஜெராக்ஸ், பிரவுசிங், ஆன்லைன் விண்ணப்பம்’ என்ற பலகைகள் இறங்கவில்லை. வருமானம் எங்கிருந்து வருகிறது?

அரசு அலுவலக வேலைகள் இணையத்துக்கு மாறியதிலிருந்துதான். சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்கள், பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று, ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது என எல்லாவற்றுக்கும் ஆன்லைனில்தான் பதிய வேண்டும். பொறியியல் கலந்தாய்வும் 2018 முதல் இணையவழிதான். இணைப்பு எல்லோர் கையிலும் இருக்கிறது. பிழையில்லாமல் விண்ணப்பிக்கும் பழக்கம் எல்லோருக்கும் இல்லை. கடைக்காரருக்குக் காசு கிடைப்பது அந்தப் பழக்கத்துக்குத்தான்.

குரூப்-4 தேர்வுக்கு விண்ணப்பிக்க வரும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 150 ரூபாய் கட்டி ஒருமுறைப் பதிவு செய்ய வேண்டும். அது ஐந்தாண்டு செல்லும். செல்போனில் எடுத்த படம் சில எம்பி இருக்கும். டிஎன்பிஎஸ்சி கேட்பதோ 50 கேபிக்குள். கையெழுத்தை வெள்ளைத் தாளில் போட்டு ஸ்கேன் செய்து, அதையும் 20 கேபிக்குள் சுருக்க வேண்டும். ஆதாரில் ஒரு இனிஷியல், சான்றிதழில் வேறொன்று என்றால் சிக்கல். ஓடிபி வரும் எண் வீட்டில் அப்பாவிடம் இருக்கும். இத்தனையையும் கடைக்காரர் கையோடு முடித்துக் கொடுக்கிறார்.

இந்தத் தொழிலுக்கும் பருவம் உண்டு. பிளஸ் டூ முடிவு வரும் மே மாதமும் கல்லூரிச் சேர்க்கை நடக்கும் ஜூனும் அறுவடைக் காலம். அரசு புதிய திட்டம் அறிவித்தாலும் கூட்டம் கூடும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாம் 2023 ஜூலை 24 அன்று தருமபுரி மாவட்டத்தின் தொப்பூரில்தான் தொடங்கியது. செப்டம்பரில் பணம் வராத பெண்கள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய இ-சேவை வழியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. மற்ற நாட்களில் ஜெராக்ஸ், கலர் பிரிண்ட், லேமினேஷன், பாஸ்போர்ட் அளவு படம் ஆகியவைதான் கடை வாடகைக்குக் கைகொடுக்கின்றன.

2023-இல் ‘அனைவருக்கும் இ-சேவை’ திட்டம் தனியாருக்கும் கதவைத் திறந்தது. அனுமதி பெற்ற கடைக்காரர் பொதுமக்களுக்கு ‘கேன்’ எனப்படும் விண்ணப்பதாரர் அடையாள எண் உருவாக்கி, ஆவணங்களை ஏற்றி, மனுவை அனுப்பலாம். அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று நகரும். பழங்குடியினர் சான்றிதழாக இருந்தால் கோட்டாட்சியர் வரை போகும். பெரும்பாலான வருவாய்த்துறைச் சான்றிதழ்களுக்குக் கட்டணம் 60 ரூபாய். சித்தேரி மலையிலிருந்து அரூருக்கு இறங்கி வருபவருக்கு, விண்ணப்பம் திரும்பி வந்தால் பஸ் செலவோடு ஒரு நாள் கூலியும் போகிறது. அதனால்தான் நன்றாகச் செய்துகொடுப்பவரை ஊரே தேடிப் போகிறது.

அந்த நம்பிக்கைக்குப் பாதுகாப்பும் வேண்டும். அடையாளச் சான்று பார்க்க வேண்டும், பயன்படுத்தியவர் விவரத்தை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டு சைபர் கஃபே விதிகள். ஆனால் இன்று வாடிக்கையாளரின் ஆதாரும் ஓடிபியும் கடைக்காரர் கைக்கே போகின்றன. எனவே விண்ணப்பத்தில் உங்கள் எண்ணையே கொடுங்கள். கடவுச்சொல்லை நீங்களே குறித்து வையுங்கள். இறக்கிய ஆதார் கோப்பைக் கண்முன் அழிக்கச் சொல்லுங்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

அரசுக்கும் பங்கு இருக்கிறது. மக்கள் தங்கள் செல்போனிலேயே நிரப்பக்கூடிய அளவுக்குப் படிவங்கள் எளிமையாக வேண்டும். அதுவரை இந்தக் கடைகள் வட்டாட்சியர் அலுவலகத்தின் இன்னொரு கவுன்ட்டராகவே இயங்கும். ஒவ்வொரு கடையிலும் கட்டணப் பட்டியல் தமிழில் தொங்கட்டும். அதற்கு மேல் ஒரு ரூபாயும் கேட்காதபடி கண்காணிப்பும் இருக்கட்டும்.