இழையில் குறையில்லை

“உங்க ஏரியாவுல அப்கிரேடு வேலை போயிட்டிருக்கு சார், ரெண்டு வாரத்துல சரியாயிடும்.” வீட்டில் பிராட்பேண்ட் வைத்திருப்பவர்களில் இந்தப் பதிலைக் கேட்காதவர்கள் குறைவு. என்ன வேலை, எதை மாற்றுகிறார்கள் என்று திருப்பிக் கேட்டால் போனில் பேசுபவருக்கும் தெரியாது. பாவம், திரையில் இருப்பதை அவர் வாசிக்கிறார். ரெண்டு வாரம் ரெண்டு மாதமாகும். சாயங்காலம் ஏழு மணி ஆனால் வீடியோ வழக்கம்போலச் சுற்றிக்கொண்டு நிற்கும்.

உண்மையில் எதை மாற்றினால் வேகம் கூடும்? இதற்கு இயற்பியலில் தெளிவான பதில் இருக்கிறது. அது தெரிந்தால் கம்பெனி சொல்லும் சாக்குகளில் எது நிஜம், எது சால்ஜாப்பு என்று நாமே பிரித்துப் பார்க்கலாம்.

ஒரு காலத்தில் அந்தச் சாக்கு நிஜமாகத்தான் இருந்தது. தொலைபேசிக்காகப் போட்ட செம்புக் கம்பி மனிதக் குரலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி போனால் போதும் என்று அமைத்தார்கள். டி.எஸ்.எல். தொழில்நுட்பம் அதே கம்பியில், குரலுக்கு மேலே காலியாகக் கிடந்த அதிர்வெண்களை 11 லட்சம் ஹெர்ட்ஸ் வரை எடுத்துக்கொண்டு தரவை அனுப்பியது. ஆனால் செம்பில் அதிர்வெண் கூடக் கூட சிக்னல் சீக்கிரம் செத்துப்போகும். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டுக்கு 8 மெகாபிட் கிடைத்தால், நாலு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு அதில் சிறு பங்குதான். 2005-ல் பி.எஸ்.என்.எல். ‘டேட்டாஒன்’ என்று பிராட்பேண்டைக் கொண்டுவந்தபோது 256 கிலோபிட் வேகமே பெரிய அதிசயம். “உங்க வீடு தூரம் சார்” என்று அன்றைய லைன்மேன் சொன்னது பொய்யில்லை.

கண்ணாடி இழை அந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டது. 1966-ல் இங்கிலாந்தின் ஹார்லோ நகர ஆய்வகத்தில் வேலை பார்த்த சார்ல்ஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும், ஒளியைத் தின்பது கண்ணாடியல்ல, அதில் கலந்திருக்கும் அசுத்தம்தான் என்று வாதிட்டார்கள். ஒரு கிலோமீட்டர் கடந்த பிறகு நூறில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினாலே தகவல் தொடர்புக்குப் போதும் என்பது அவர்கள் வைத்த இலக்கு. 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அதை எட்டியது. இன்றைய இழையில் ஒரு கிலோமீட்டருக்குப் பிறகும் நூறில் 95 பங்கு ஒளி அப்படியே இருக்கிறது. காவோவுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் தெருவில் இ.பி. கம்பத்தில் சுருட்டித் தொங்கவிட்டிருக்கும் கறுப்பு ஒயருக்குள் ஓடுவது அந்தக் கண்ணாடிதான்.

அந்த ஒயர் உங்கள் வீட்டுக்கு மட்டுமானது இல்லை என்பதைத்தான் விளம்பரம் சொல்லாது. ஆபரேட்டரின் அறையில் ஓ.எல்.டி. என்றொரு பெட்டி இருக்கும். அதன் ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒற்றை இழை கிளம்பி, கம்பத்தில் இருக்கும் ஸ்ப்ளிட்டரில் 32 அல்லது 64 ஆகப் பிரிந்து வீடுகளுக்குப் போகிறது. ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் வேண்டாம். வருகிற ஒளியைக் கூறுபோடுவது மட்டுமே அதன் வேலை. 64 வீடு என்றால் உங்கள் வீட்டுக்கு வரும் ஒளி 64-ல் ஒரு பங்குக்கும் குறைவு. புகார் கொடுத்தால் வரும் பையன் பச்சை முனையைப் பிடுங்கி, துடைத்து, கையடக்க மீட்டரில் செருகி “மைனஸ் 22 காட்டுது, ஓகே சார்” என்கிறானே, அவன் அளப்பது இந்த ஒளியைத்தான். ஜிபான் எனப்படும் இன்றைய பொதுவான முறையில் சாதாரணமாக மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் இடையில் இருந்தால் பெட்டி வேலை செய்யும். மைனஸ் 27 என்பது ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. அந்த மினுக்கலிலிருந்து ஒரு முழு சினிமாவைப் பிரித்தெடுக்கிறது நாம் மோடம் என்று சொல்லும் அந்தப் பெட்டி. கதவு இடுக்கில் ஒயர் நசுங்கினாலும், ஆணியில் இறுக்கிச் சுற்றினாலும், அந்த வளைவில் ஒளி கசிந்து எண் இறங்கிவிடும். அப்போதுதான் சிவப்பு விளக்கு எரியும்.

எதிர்த்திசை இன்னும் சுவாரசியம். 64 வீடுகளும் ஒரே இழையில் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் புரியாது. அதனால் யார் எப்போது பேசலாம் என்று ஓ.எல்.டி. முறை வைத்துக் கொடுக்கிறது. இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு நேரம் ஆகும். அதை வைத்து ஒவ்வொரு வீடும் எவ்வளவு தூரம் என்று முன்கூட்டியே அளந்துகொண்டு, தூரத்து வீட்டின் ஒளித்துணுக்கும் பக்கத்து வீட்டின் ஒளித்துணுக்கும் மோதாமல் வந்துசேரும்படி நேரம் குறித்துத் தருகிறது.

இப்போது கணக்கு. 2003-ல் வரையறுக்கப்பட்ட ஜிபானில் ஒரு துளைக்கு உள்வரும் வேகம் சுமார் 2,500 மெகாபிட். 64 வீட்டுக்கும் ஆளுக்கு 100 மெகாபிட் விற்றால் விற்றது 6,400. இருப்பதைப் போல இரண்டரை மடங்கு! ஏமாற்று வேலை என்று தோன்றும். இல்லை. கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேருக்குப் பத்திரிகை வைத்துவிட்டு, பந்தியில் இருநூறு இலைதான் போடுகிறோம். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார மாட்டார்கள் என்ற நம்பிக்கை. எத்தனை பேருக்கு எத்தனை இலை போட்டால் காத்திருப்பு குறையும் என்பதைக் கணிதமாக்கியவர் கோபன்ஹேகன் தொலைபேசி கம்பெனியில் வேலை பார்த்த ஏ.கே.எர்லாங். 1909-லும் 1917-லும் அவர் எழுதிய ஆய்வுரைகள்தான் இன்றைக்கும் இந்தத் துறையின் அடித்தளம். பகிர்ந்து விற்பதில் தப்பில்லை. பகிராமல் தனித் தடம் கேட்டால் மாதம் ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்காது.

தப்பு எங்கே தொடங்குகிறது என்றால், பழக்கம் மாறிய பிறகும் பழைய கணக்கையே வைத்திருக்கும்போது. முன்பு ஒரு வீட்டில் ஒருவர் மெயில் பார்ப்பார். இப்போது கூடத்தில் 4கே டிவி, அறையில் ஆன்லைன் வகுப்பு, மொட்டைமாடியில் வீடியோ கால், வாசலில் சிசிடிவி. எல்லாம் இரவு எட்டு மணிக்கு. எர்லாங்கின் கணிதம் பொய்க்கவில்லை. அதில் போட வேண்டிய எண்ணை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள்.

நெரிசல் பல நேரம் தெருவில்கூட இருக்காது. எட்டுத் துளை கொண்ட ஓ.எல்.டி.க்குக் கீழே 20,000 மெகாபிட் போகலாம். அந்தப் பெட்டியை மேலே இணையத்தோடு சேர்க்கும் இணைப்பு 10,000 ஆகவோ, சின்ன ஆபரேட்டரிடம் வெறும் 1,000 ஆகவோ இருந்தால், எட்டுத் தெருவும் சேர்ந்து அங்கேதான் முட்டி நிற்கும். 2002-லேயே சிங்கப்பூரிலிருந்து 3,200 கிலோமீட்டர் கடலடி கேபிள் சென்னையில் கரையேறிவிட்டது. அவ்வளவு கடலைத் தாண்டி வந்த தரவு, ஊருக்குள் கடைசி இணைப்பில் வரிசையில் நிற்கிறது. இதற்கு விதி இல்லாமலும் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-ல் வெளியிட்ட பிராட்பேண்ட் தர விதிகளில், உச்ச நேரத்தில் உள் இணைப்புகளின் பயன்பாடு 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 90-ஐத் தாண்டினால் அது நெரிசல் என்று எழுதியிருந்தார்கள். எந்தக் கம்பெனி தன் வாடிக்கையாளரிடம் அந்த எண்ணைக் காட்டியது?

எங்கள் வீட்டுக் கதை இன்னும் வேடிக்கை. 100 மெகாபிட் திட்டத்திலிருந்து 200-க்கு மாறினோம். பில் அன்றைக்கே மாறியது. வேகம் மட்டும் ஒயரில் அளந்தாலும் 94-ஐத் தாண்டவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தால் “எங்க சைடுல 200 போட்டாச்சு சார்” என்றார்கள். போட்டிருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் மாட்டிய மோடத்தின் லேன் துளை 100 மெகாபிட்டுக்கு மேல் போகாத பழைய ரகம். அந்தத் துளை வழியாகப் போகும் ஒவ்வொரு 1,538 பைட்டிலும் முகவரி, இடைவெளி, சரிபார்ப்பு எல்லாம் போக நமக்கு உரிய தரவு சுமார் 1,448 பைட். சதவீதம் போட்டுப் பாருங்கள், 94 வரும். ஸ்பீட் டெஸ்டில் எப்போது பார்த்தாலும் 94-லேயே ஆணி அடித்த மாதிரி நின்றால் பெரும்பாலும் குற்றவாளி இந்தத் துளைதான். இன்னொரு ரகப் பெட்டியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் இருக்கும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. இருபது வீடு கொண்ட அடுக்ககத்தில் மூன்று சேனலுக்கு இருபது பெட்டி அடித்துக்கொள்ளும். திட்டத்தை உயர்த்தி விற்பவர், அந்த வேகத்தைத் தாங்கும் பெட்டியைத் தராமல் விற்பது, என் கணக்கில், எடை குறைத்து விற்பதற்குச் சமம்.

அப்படியானால் உண்மையான அப்கிரேடு எது? ஜிபானுக்கு அடுத்த தலைமுறை, எக்ஸ்.ஜி.எஸ்.பான், 2016-லேயே தரப்படுத்தப்பட்டுவிட்டது. ஒரு துளைக்கு உள்ளேயும் வெளியேயும் 10,000 மெகாபிட். இதில் அழகு என்னவென்றால், இதற்குப் புதிய இழை வேண்டாம். ஜிபான் 1,490 நானோமீட்டர் அலைநீளத்தில் தரவை அனுப்பி 1,310-ல் வாங்குகிறது. புதியது 1,577-ல் அனுப்பி 1,270-ல் வாங்குகிறது. ஒரே கண்ணாடியில், ஒரே ஸ்ப்ளிட்டரில், இரண்டு நிற ஒளியும் ஒன்றையொன்று தொடாமல் போகும். பழைய வாடிக்கையாளர் பழைய பெட்டியிலேயே இருக்கலாம், வேகம் கேட்டவருக்குப் புதிய பெட்டி மாட்டலாம். ரோட்டைத் தோண்ட வேண்டாம், கம்பம் நட வேண்டாம். ஆபரேட்டர் அறையில் புதிய அட்டையும் அதற்குரிய ஒளி வடிகட்டியும், மேல் இணைப்புக்குக் கூடுதல் திறன், வீட்டில் ஒரு பெட்டி. அவ்வளவுதான்.

இழையைத் தவிர்த்து மிச்சம் பிடிக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. 2009-ல் அந்நாட்டு அரசு 90 சதவீத வீடுகளுக்கு நேரடியாகக் கண்ணாடி இழை போடுவதாக அறிவித்தது. 2013-ல் ஆட்சி மாறியது. செலவைக் குறைக்கிறோம் என்று, லட்சக்கணக்கான வீடுகளுக்குத் தெருமுனைப் பெட்டி வரை மட்டும் இழை, அங்கிருந்து பழைய செம்பு என்று திட்டத்தை மாற்றினார்கள். செம்பின் குணம் மாறவில்லை. 2020-லிருந்து அதே தெருக்களில் மறுபடி இழை போட ஆரம்பித்தார்கள். மிச்சமிருந்த ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை 2030-க்குள் முடிப்போம் என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அங்கே 100 மெகாபிட் திட்டத்தை 500-ஆக உயர்த்தினார்கள். இழையோ கேபிள் டிவி கம்பியோ உள்ள வீடுகளுக்குத்தான் அந்த யோகம். தெருமுனையோடு இழை நின்றுபோன வீட்டுக்காரர் பக்கத்துத் தெருவைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான்.

நமக்கு அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. நகரங்களில் புதிதாகப் போட்டதெல்லாம் வீடு வரை வரும் இழை. பிறகு ஏன் தாமதம்? காசுதான். ஒரு பெட்டியின் விலை சில மாத வாடகையை விழுங்கிவிடும்; நம் ஊர்க் கட்டணமோ உலகத்திலேயே மலிவானவற்றில் ஒன்று. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்து கம்பத்தில் இன்னொரு கம்பெனியின் ஒயர் ஏறியதும் அதே ஆபரேட்டருக்கு எங்கிருந்தோ புதுப் பெட்டி வந்துவிடுகிறதே, அதற்கு என்ன விளக்கம்? வாடிக்கையாளர் போக வேறு இடமில்லாத தெருவில்தான் ‘வேலை போயிட்டிருக்கு’. சட்டமும் அவர்களை அவ்வளவாக நெருக்குவதில்லை. இந்தியாவில் 2023 ஜனவரியில் திருத்திய பிறகும் 2 மெகாபிட் இருந்தாலே அது பிராட்பேண்ட். அமெரிக்காவில் 2024-லிருந்து உள்ளே 100, வெளியே 20 இருந்தால்தான் அந்தப் பெயர்.

அதனால் அடுத்த முறை போன் செய்யும்போது “எப்போ சரியாகும்” என்று கேட்காதீர்கள். என் மோடத்தின் லேன் துளை 1,000 மெகாபிட்டா, என் ஸ்ப்ளிட்டரில் எத்தனை வீடு, ஓ.எல்.டி.யின் மேல் இணைப்பு எவ்வளவு என்று கேளுங்கள். கேட்பதற்கு முன் லேப்டாப்பை ஒயரில் செருகி, காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் அளந்து படம் எடுத்து வையுங்கள். காலையில் நன்றாக இருந்து இரவில் விழுந்தால் நெரிசல். இரண்டு நேரமும் ஒரே எண்ணில் நின்றால் பெட்டி. புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். டிராய் தனிநபர் புகாரை விசாரிக்காது. ஆனால் தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை நாடலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.