குழந்தையின் அலமாரி

குழந்தைக்குத் தனி அறை என்று பேசத் தொடங்கினால், நேயர்களில் பலர் புன்முறுவல் செய்யக்கூடும். இருக்கும் ஓர் அறையிலேயே உண்டு, உறங்கி, படித்து வாழும் குடும்பங்கள் நம்மிடையே மிகுதி. ஆயினும் குழந்தைக்கு இன்றியமையாது வேண்டுவது நான்கு சுவர் சூழ்ந்த தனி அறை அன்று. தன் உடையும் தன் பொம்மையும் இருப்பதற்கென ஓர் இடமே. அவ்விடத்தை அதன் கை எட்டும் உயரத்தில், தீங்கு நேராவண்ணம் அமைத்துத் தருவது எவ்வாறு என்பதே இப்பேச்சின் பொருள்.

கோலார் மாவட்டத்தில் பங்காருப்பேட்டைக்கு அண்மையில் உள்ளது பூதிகோட்டை. சாம்பற்கோட்டை என்பது அப்பெயரின் கன்னடப் பொருள். ஹைதர் அலி பிறந்த ஊர் என்னும் பெருமை அதற்கு உண்டு. அருகே உள்ள தங்கவயலில் 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கத் தொழிலை விரிவாக்கியபோது, வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறின. அவர்களுக்கு வாய்த்தவை ‘லைன்’ வீடுகள். ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும் சிறு வீடுகள். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர் இவ்வட்டாரத்துத் தாய் தந்தையர் பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூர் சென்று, உழைத்து, இரவில் வீடு திரும்புகின்றனர்.

விடியுமுன் புறப்பட்டுச் செல்லும் தாய், குழந்தையைப் பாட்டியிடம் ஒப்படைத்துச் செல்கிறாள். பள்ளிச் சட்டை பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியில் இருக்குமாயின், முதியவள் ஸ்டூல் போட்டு ஏறவேண்டும். அச்சட்டை தரையிலிருந்து இரண்டடி உயரத்துத் தட்டில் இருக்குமாயின், ஐந்து வயதுச் சிறுவன் தானே எடுத்து உடுத்திக்கொள்வான். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பணத்தால் வருவது அன்று, உயரத்தால் வருவது.

இவ்வுண்மையை உலகறியச் செய்தவர் இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907-ஆம் ஆண்டில் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் அவர் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். குழந்தைகள் தாமே தூக்கி நகர்த்தக்கூடிய சிறு நாற்காலிகளையும், அவர்கள் கைக்கெட்டும் தாழ்ந்த தட்டுகளையும் செய்வித்தார். 1939-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்தவர், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். செல்வர் மாளிகையில் அன்றி, உழைப்பாளர் குடியிருப்பில் பிறந்த முறை இது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

இனி, அலமாரியின் அளவைப் பார்ப்போம். மூன்று வயதுக் குழந்தை ஏறத்தாழ மூன்றடி உயரம் இருக்கும். ஆதலின் அலமாரி இரண்டரை அடிக்கு மேல் உயர வேண்டா. தட்டின் ஆழம் ஓரடி போதும். அதற்கு மேல் ஆழமானால் பின்னால் இருக்கும் பொருள் கண்ணுக்குத் தெரியாது. முன்னால் இருப்பதைக் கலைத்தே அதை எடுக்க நேரும். தரைக்கும் அடித்தட்டுக்கும் இடையே மூன்று நான்கு அங்குலம் கால் இருத்தல் நன்று. துடைப்பம் உள்ளே செல்லும். ஈரமும் கறையானும் எளிதில் ஏறா. பூதிகோட்டை வட்டாரத்தில் மார்கழி, தை இரவுகளில் குளிர் மிகும். ஆகவே கம்பளிச் சட்டைக்கெனக் குழந்தை அறிந்த தட்டு ஒன்றை ஒதுக்குதல் வேண்டும். தொங்கவிடும் உடைகளுக்கு மூன்றடி உயரத்தில் ஒரு மரக்கோல் போதும்.

உடைக்குக் கதவு வேண்டுமா, வேண்டாமா? தங்கவயலை அடுத்து வாழ்வோர் இதற்கு எளிதில் விடை சொல்வர். சுரங்கத்திலிருந்து தோண்டி அரைத்த கழிவு மண், சயனைடு மேடுகளாக இன்றும் அங்கே குவிந்து நிற்கின்றது. காற்று வீசும் பருவத்தில் அதன் நுண்தூள் வீடுகளுக்குள்ளும் புகுகின்றது. அத்தகைய இடங்களில் உடைத் தட்டுக்குக் கதவு வேண்டும்; இயலாவிடின் துவைக்கத்தக்க கெட்டித் துணியாலேனும் திரையிடல் வேண்டும். விளையாட்டுப் பொருள்களின் தட்டு திறந்தே இருக்கலாம். ஆனால் ஈரத் துணியால் அடிக்கடி துடைத்து வருதல் வேண்டும்.

உடைப்பெட்டியில் அந்துருண்டை போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. வெண்மையாக உருண்டிருப்பதால் குழந்தை அதை மிட்டாய் என்று எண்ணி விழுங்கிவிடக்கூடும். அது நஞ்சு, பிறவியிலேயே இரத்தத்தில் ஒருவகை நொதிக் குறைவுள்ள சில குழந்தைகளுக்குச் சிவப்பணுக்களைச் சிதைத்து உயிருக்கே ஊறு செய்யும். உடைகளை அவ்வப்போது நல்ல வெயிலில் உலர்த்தி, காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைத்தாலே போதுமானது.

விளையாட்டுப் பொருள்களைப் பெரிய பெட்டி ஒன்றில் கொட்டி மூடுவதே பெரும்பாலோர் செய்வது. இதில் குறைகள் இரண்டு. அடியில் கிடப்பது வேண்டுமெனின் குழந்தை எல்லாவற்றையும் தரையில் கவிழ்க்கும். பிறகு ‘ஒழுங்கில்லாத பிள்ளை’ என்ற பழியும் அதற்கே வரும். மற்றொன்று ஆபத்து. கனத்த மூடி கழுத்திலோ விரலிலோ விழலாம். ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே புகுந்து மூடிக்கொண்டால் மூச்சுத் திணறும். ஆதலின் மூடியில்லாத சிறு பெட்டிகளும் பிரம்புக் கூடைகளுமே சிறந்தவை. மூடியுள்ள பெட்டியே இருக்குமாயின் மூடியைக் கழற்றிவிடுக, பூட்டை நீக்குக, பக்கங்களில் காற்றுத் துளைகள் இடுக.

எல்லாப் பொம்மைகளையும் ஒருங்கே வெளியில் வைக்க வேண்டுவதில்லை. ஆறேழு பொருள்களைத் தட்டில் வைத்து, எஞ்சியவற்றை உயரத்தில் எடுத்து வைத்து, இரு வாரங்களுக்கொருமுறை மாற்றுக. பழைய பொம்மையே புதிதாய்த் திரும்பி வந்ததுபோல் குழந்தை மகிழும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில், வாய்க்குள் அடங்கும் சிறு உறுப்புகளும், பொத்தான் போன்ற சிறு பாட்டரிகளும் கைக்கெட்டாமல் இருத்தல் வேண்டும். விழுங்கப்பட்ட பாட்டரி சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். அந்நிலையில் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

பொம்மை வாங்குவோருக்கு அருகிலேயே ஒரு நல்வாய்ப்பு உண்டு. கன்னட நாட்டுச் சன்னபட்டணத்து மரப் பொம்மைகள் புகழ் பெற்றவை. பூதிகோட்டையில் பிறந்த ஹைதர் அலியின் மகனாகிய திப்பு சுல்தானே அக்கலையை ஆதரித்து வளர்த்தார் என்பது மரபுவழிச் செய்தி. தமிழில் வெட்பாலை எனப்படும் மென்மையான வெண்ணிற மரத்தைக் கடைசலில் இட்டு, சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் வெப்பத்தால் அரக்கு உருகிப் படிகின்றது. பின்னர்த் தாழை ஓலையால் மெருகேற்றுவர். இவற்றோடு நம் மரப்பாச்சியும் சொப்புச் சாமான்களும் அதே தட்டில் இடம்பெறலாம்; அண்டை மொழியும் தாய்மொழியும் குழந்தையின் நாவில் இடம்பெறுவது போல. 2021-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு, 14 வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு.

பழைய அலமாரியை வாங்குவோர் வர்ணத்தைக் கவனிக்க வேண்டும். பழைய வர்ணங்களில் ஈயம் மிகுதியாக இருந்தது. உரிந்த செதிலைக் குழந்தை வாயிலிட்டால் மூளை வளர்ச்சி குன்றும். வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மேல் இருத்தலாகாது என்ற விதி 2016-இல் இயற்றப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பழைய வர்ணத்தை உலர்ந்த நிலையில் சுரண்டினால் தூசு பறக்கும். நனைத்தே தேய்க்க வேண்டும். அவ்வேளை குழந்தை வீட்டில் இருத்தலாகாது.

இவையனைத்தினும் முதன்மையானது ஒன்று. இழுப்பறைகளைப் படிகளாக எண்ணிக் குழந்தை ஏறும். அலமாரி முன்சாய்ந்து விழும். எனவே அலமாரியின் மேற்பகுதியை எல் வடிவ இரும்புப் பட்டையும் திருகாணியும் கொண்டு சுவரோடு இறுக்குக. கனத்தவற்றைக் கீழ்த்தட்டில் வைக்க. குழந்தையின் கண்ணைக் கவரும் பொருளை அலமாரியின் உச்சியில் வைக்கற்க.

புதிய அலமாரி வாங்க இயலாதோர் வருந்த வேண்டியதில்லை. இரண்டு கள்ளிப்பெட்டிகளை வாங்கி, ஆணிகளைப் பிடுங்கி, உப்புத்தாளால் சிராய் போகத் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக முடுக்கிச் சுவரோடு பிணைத்தால் நல்லதோர் அலமாரி ஆகும். படிக்கத் தெரியாத பிள்ளைக்குச் சட்டை, பந்து ஆகியவற்றின் படத்தைத் தட்டின் விளிம்பில் ஒட்டுக. அதன் கீழே தமிழில் பெயரும் எழுதுக. தமிழ்ப் பள்ளி தொலைவில் உள்ள ஊர்களில், குழந்தை முதன்முதலாகத் தானே படிக்கும் தமிழ்ச் சொல் ‘சட்டை’ என்பதாக இருக்கலாம். அதை அது தன் கையாலேயே எடுத்து உடுத்தும் நாளில், ரயிலேறிச் சென்ற தாயின் கவலையில் ஒரு பங்கு குறையும்.