சிங்கப்பூர் ‘சிங்க’ ஆனது எப்படி?

லினக்ஸ் கணினியில் நான் எழுதிய சிறு நிரல், ஓடத் தொடங்கியதும் தனக்குச் ‘சிங்கப்பூர்’ என்று பெயர் வைத்துக்கொள்ளும். ஓடும் நிரல்களின் பட்டியலைத் திறந்தால் ‘சிங்க’ என்றுதான் இருந்தது. ‘ப்பூர்’ காணவில்லை!

இது கோளாறு அல்ல. இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல், நிரலின் பெயருக்கு 16 பைட் இடம் மட்டுமே ஒதுக்குகிறது. கடைசி பைட், ‘பெயர் இங்கே முடிந்தது’ என்று காட்டும் சுழியத்துக்கு. மீதி 15. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் தேவை. ‘சி’ என்பதே சகரம், இகரக் குறி என இரண்டு. ச, இகரக் குறி, ங, புள்ளி, க... ஐந்தோடு இடம் தீர்ந்தது.

இப்படி உரையை வாங்கி வைக்கும் இடத்தைப் பஃபர் என்கிறோம். அளவு பார்க்காமல் எழுதினால், பக்கத்திலுள்ள தரவின் மேல் வெளியாள் அனுப்பியது போய் உட்காரும். கெர்னலில் அது நடந்தால் முழுக் கணினியும் அந்நியர் கைக்குப் போகலாம். 1988இல் பரவிய மோரிஸ் வோர்ம், நீளம் பார்க்காத ஒரு சேவை நிரலின் 512 பைட் பஃபர் வழியாகவும் புகுந்தது. அது கெர்னல்கூட இல்லை.

அதனால் கெர்னல், வெளியிலிருந்து வரும் உரையைத் தன் இடத்துக்கு நகலெடுத்த பிறகே சோதிக்க வேண்டும். இருந்த இடத்திலேயே சோதித்தால், சோதனை முடிந்த மறுகணம் அனுப்பியவர் அதை மாற்றிவிடலாம் அல்லவா?

நகலெடுப்பதிலும் வில்லங்கம் உண்டு. சி மொழியின் பழைய ‘எஸ்டிஆர்-என்-காப்பி’, எல்லையைத் தாண்டாது. ஆனால் இடம் நிறைந்துவிட்டால் முடிவுச் சுழியத்தை வைக்காது. 15 பைட் இடத்தில் ‘தமிழ்’ என்று வைத்துப் பாருங்கள். ஐந்து குறிகள், சரியாக 15 பைட். சுழியத்துக்கு இடமில்லை. படிப்பவர் முடிவு தெரியாமல் பக்கத்து இரகசியங்களையும் சேர்த்துப் படிப்பார். 2015இல் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்த ‘எஸ்டிஆர்-எஸ்-காப்பி’ சுழியத்தைக் கட்டாயம் வைக்கும். உரை வெட்டுப்பட்டால் பிழை எண்ணும் தரும். இரண்டாவதுதான் பெரிய நன்மை என்பேன்.

என் நிரலின் பெயர் வெட்டுப்பட்டபோது கெர்னல் ஒன்றும் சொல்லவில்லை. பெயர்தானே, போகட்டும். கோப்பின் பாதை வெட்டுப்பட்டால் வேறொரு கோப்பு திறந்துவிடும். ஆகவே, சுழியத்தோடு சேர்த்து 4096 பைட்டைத் தாண்டும் பாதையை லினக்ஸ் வெட்டுவதில்லை. ‘பெயர் மிக நீளம்’ என்று திருப்பி அனுப்பிவிடுகிறது.

தமிழில் கோப்புகளுக்குப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: லினக்ஸில் பொதுவாக ஒரு பெயருக்கு 255 பைட். அதாவது, புள்ளிகளையும் சேர்த்து 85 குறிகள்.