இணையத்தளக் கருவியைத் தேர்தல்

நிரல்மொழி அறியாதாரும் கண்முன் கண்டவாறே இணையத்தளம் அமைக்கவும், அதில் எழுதியவற்றை ஒழுங்குறக் காக்கவும் மென்பொருள்கள் பல உள. அவற்றுள் ஒன்றைத் தேர்வதற்கு அழகு மட்டும் அளவுகோலாகாது; மூலநிரல் யாவர்க்கும் திறந்துள்ளதா என்பதையும் நோக்குதல் வேண்டும்.

பி2 என்னும் மென்பொருளின் வளர்ச்சி ஒருகால் நின்றுபோயிற்று. ஆயினும், யாவரும் அதனைத் திருத்தி வெளியிடலாம் என்னும் உரிமம் இருந்தது. ஆதலின், அதனைப் பயன்படுத்திவந்த மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் 2003-ஆம் ஆண்டில் அந்நிரலைத் திருத்தி, வேர்டுபிரஸ் என்னும் பெயரால் வெளியிட்டனர். பத்தியையும் படத்தையும் தனித்தனிக் கட்டங்களாக அடுக்கிப் பக்கம் அமைக்கும் முறை 2018-இல் அதனுடன் சேர்ந்தது. மூலநிரல் மறைக்கப்பட்டிருப்பின் இஃது இயன்றிராது.

ஆக்கியோன் விலகினும் ஆக்கம் வாழுமா? நம் எழுத்தை வேறிடம் கொண்டுசெல்ல இயலுமா? இவ்விரண்டையும் ஆராய்ந்த பின்னரே கருவியைத் தேர்க.