ஓடுபாதையும் உண்மை நேரமும்

மரதன் ஓட்டத்தின் தூரம் எங்கும் ஒன்றே: 42.195 கிலோமீற்றர். ஓடும் நிலமோ ஊருக்கு ஊர் வேறு. பொஸ்டன் மரதனில் ஓட விழையும் கொட்டாஞ்சேனை மாணவரொருவர், "தகுதி நேரத்தை எங்கே ஓடிப் பெறலாம், ஐயா?" என்று என்னை வினவினார். 18 முதல் 34 வயது வரையுள்ள ஆடவர் 2 மணி 55 நிமிடத்துள் ஓடியிருத்தல் வேண்டும்.

வெள்ளவத்தைக் கடலோரம் மேடு பள்ளமற்றதே. ஆயினும் கொழும்பின் ஈரக்காற்று வியர்வையை உலரவிடாது. உடல் சூடேறக் கால் தளரும். நுவரெலியா குளிர்ந்த ஊர். அவ்வுயரத்திலோ பிராணவாயு குறைவு. சமதளமும் குளிரும் ஒருங்கே வாய்த்த பேர்லினில் 2022 இல் எலியுட் கிப்சோகே 2:01:09 இல் ஓடி உலக சாதனை படைத்தார்.

சரிவில் இறங்கி ஓடினால் என்ன? 2011 இல் ஜெஃப்ரி முத்தாய் பொஸ்டனில் 2:03:02 இல் ஓடினார். அதுவரை எவரும் அத்துணை விரைந்து ஓடியதில்லை. ஆனால் சாதனைக்குரிய பாதை கிலோமீற்றருக்கு ஒரு மீற்றருக்கு மேல் இறங்கலாகாது. பொஸ்டன் பாதை அதனிலும் மிக இறங்குவது. ஆதலின் அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. 2027 போட்டிக்கெனப் பொஸ்டனாரும் புதுவிதி செய்தனர்: 1,500 அடி இறங்கும் பாதையில் பெற்ற நேரத்தோடு 5 நிமிடம் கூட்டப்படும், 3,000 அடியாயின் 10 நிமிடம்.

நியாயமான விதிதான். ஆனால் சரிவுக்குக் கணக்கிட்டோர் வெப்பத்துக்குக் கணக்கிட்டாரில்லை. விமானச் சீட்டு வாங்க வசதியுள்ளவர் குளிரைத் தேடிச் செல்வார். நம் மாணவர் போன்றோர்க்கு உள்ளது மார்கழி, தை மாதத்து விடியற்பொழுதே. அவ்விருளில் ஓடத் தொடங்குமாறு அவருக்குக் கூறினேன். கொழும்பில் அவர் பெறும் நேரம், கடிகாரம் காட்டுவதனிலும் மதிப்பு மிக்கது என்பேன்.