டீச்சருக்கே டீச்சரா... தில் இருக்கா பாஸ்?

கல்யாண வீட்டுப் பந்தி. உட்கார்ந்திருக்கிற முந்நூறு பேருமே சமையல் மாஸ்டர்கள். சாம்பார் வாளியோடு நீங்க உள்ளே நுழையறீங்க. வயித்தைக் கலக்குதா, இல்லையா? ஃபிட்னஸ் மாநாட்டு மேடையில் ஏறி ஒர்க்-அவுட் கிளாஸ் எடுப்பது அப்படித்தான். கீழே நிற்கிற அத்தனை பேரும் ஊரில் தனக்கென்று ஒரு கிளாஸ் வைத்திருக்கும் இன்ஸ்ட்ரக்டர்கள்!

மாநாடு என்றதும் பொன்னாடை, 'தலைவர் அவர்களே' என்றெல்லாம் கற்பனை பண்ணாதீங்க. இங்கே ட்ராக் பேன்ட்தான் பட்டு வேட்டி. அமெரிக்காவில் இந்தத் திருவிழாக்களைப் பெரிதாக வளர்த்தது, 1982-ல் சான் டியாகோவில் தொடங்கப்பட்ட 'ஐடியா' என்ற ஃபிட்னஸ் ஆசிரியர்கள் அமைப்பு. நடிகை ஜேன் ஃபோண்டாவின் ஒர்க்-அவுட் வீடியோ வந்து, வீட்டு ஹாலுக்குள் ஏரோபிக்ஸ் புகுந்ததும் அதே வருஷம்தான்.

வேலை வெட்டியை விட்டுட்டு ஏன் இவ்வளவு பேர் வர்றாங்க? அரியர் பயம் மாதிரி ஒரு பயம் இருக்கு. 'ஏஸ்' என்கிற அமெரிக்க அமைப்பின் சான்றிதழை எடுத்துக்கோங்க. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். அதுக்கு 20 மணி நேரம் ஏதாவது புதுசாகப் படிச்சிருக்கணும். மாநாட்டுக்குப் போனா, அதில் பெரும்பகுதியை ஒரே மூச்சில் முடிச்சிடலாம்.

ஆப்பு காத்திருப்பதும் அந்த ஒரே மூச்சில்தான்! வருஷம் முழுக்க மத்தவங்களுக்குக் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்தவருக்கு, இங்கே மாணவராக நிற்க சான்ஸ். பஃபே விருந்தில் தட்டு நிறைய அள்ளுற மாதிரி அள்ளுவார். காலையில் ஸ்டெப், அடுத்து டான்ஸ், மத்தியானம் டபாட்டா. இந்த டபாட்டா, 1996-ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர் இசுமி டபாட்டா வெளியிட்ட ஆய்வால் பிரபலமானது. 20 விநாடி உயிரைக் கொடுத்துச் செய்யணும், 10 விநாடி ஓய்வு, இப்படி எட்டு தடவை. மொத்தமே நாலு நிமிஷம்தானேன்னு நினைச்சா, முடியும்போது பேச்சு வராது. பழக்கமில்லாத பயிற்சியின் தசைவலி உச்சத்துக்கு வருவது ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான். ஆக, மூணாவது நாள் மாடிப்படியில் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குவது யாரு? ஊருக்கெல்லாம் ஸ்குவாட் சொல்லிக் கொடுக்கிற நம்ம டீச்சரேதான்!

சிரிச்சாச்சா? இப்போ கொஞ்சம் சீரியஸ். 1985-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஏரோபிக்ஸ் மாணவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் காயம். ஆசிரியர்களில்? நாலில் மூணு பேருக்கு! மாணவர் வாரம் மூணு நாள் குதித்தால், ஆசிரியர் ஒரே நாளில் மூணு கிளாஸ் குதிக்கிறார். காலு வலிக்குதுன்னு லீவு போட்டா அன்னிக்குச் சம்பளம் கட். வலியை மறைச்சுக்கிட்டு, 'கமான், இன்னும் எட்டு!' என்று சிரிக்கணும்.

ஸ்டெப் ஏரோபிக்ஸ் பிறந்த கதையே அப்படி ஒரு முழங்கால் கதைதான். அட்லாண்டா இன்ஸ்ட்ரக்டர் ஜின் மில்லருக்கு முழங்காலில் அடி. பால் கிரேட் மேல ஏறி இறங்கி காலுக்கு பலம் ஏத்துங்கன்னு டாக்டர் யோசனை சொன்னார். அம்மணி அதைப் பாட்டோடு சேர்த்துச் செய்து பார்த்தார். 1989 வாக்கில் ரீபாக் கம்பெனி கை கொடுக்க, அந்தப் பலகை உலகம் சுற்றியது.

சரி, மேடைக்கு வருவோம். ஆடத் தெரிஞ்சா போதும்னு நினைக்கிறவங்கதான் முதலில் அவுட். கூட்டத்தைப் பார்த்து நிற்கிறதால, வாய் 'ரைட்' என்று சொல்லும்போது உங்க கால் லெஃப்ட்ல போகணும். பாட்டு 32 எண்ணிக்கை கொண்ட கட்டம் கட்டமாக ஓடும். அடுத்த ஸ்டெப் என்னன்னு நாலு எண்ணிக்கை முன்னாடியே சொல்லிடணும். ஸ்டெப் மாறும்போது சொன்னா லேட். ஒரு பீட் தப்பினா சாதாரண கிளாஸ்ல யாருக்கும் தெரியாது. இங்கே முந்நூறு மண்டைக்குள்ளயும் எண்ணிக்கை ஓடுது... மாட்டினீங்க!

சிடி ஓடலைன்னா? கொலம்பியாவின் பெட்டோ பெரெஸ் ஏரோபிக்ஸ் டேப்பை மறந்துட்டு கிளாஸுக்குப் போனவர்தான். பையில் கிடந்த சல்சா, மெரெங்கே டேப்பைப் போட்டுச் சமாளிச்சார். அதுதான் பின்னாளில் ஜும்பா. எல்லாருக்கும் அப்படி அதிர்ஷ்டம் அடிக்காது. ரெண்டாவது காப்பி கையில் வச்சுக்கிறது உத்தமம்.

நல்ல ஆசிரியரைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரே ஒரு குறுக்கு வழிதான் தெரியும். மேடையில் வேர்வை வழிய எகிறிக் குதிக்கிறவரை விடுங்க, அவரு தனக்கு ஒர்க்-அவுட் பண்ணிக்கிறார். பாதிப் பாட்டில் சட்டென்று நின்னு, மைக்கோட கீழே இறங்கி, கடைசி வரிசையில் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு நிற்கிறவரிடம் போய், 'குதிக்காதீங்க, நடந்தா போதும்'னு சொல்றார் பாருங்க, அவர் கிளாஸுக்கு காசு கொடுத்துச் சேரலாம். அப்படிச் சொல்லக் கேட்ட அந்தக் கடைசி வரிசை டீச்சரும், ஊருக்குத் திரும்பினதும் திங்கட்கிழமை காலை கிளாஸ் எடுக்கணும். முழங்கால் அதுக்குள்ள சரியாகியிருக்குமா என்ன?