60 நாள் கழிச்சு வரும் பணம்... 50 நாள்ல கேட்கும் கார்டு! - ஒரகடம் குட்டித் தொழில்களுக்கு ஒரு கிரெடிட் கார்டு கைடு

காலை ஐந்தரை மணிக்கு ஒரகடம் ஜங்ஷனில் நின்று பாருங்கள். சிங்கபெருமாள் கோவில் பக்கமிருந்து ஒரு வரிசை, வாலாஜாபாத் பக்கமிருந்து ஒரு வரிசை, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து இன்னொரு வரிசை என ஷிஃப்ட் பஸ்களும் வேன்களும் போய்க்கொண்டே இருக்கும். ஹூண்டாய், ரெனோ நிஸான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று போர்டில் இருப்பவை பெரிய பெயர்கள். ஆனால், அந்த கேட்டுக்குள் ஆளையும் சாப்பாட்டையும் உதிரிபாகத்தையும் கொண்டு சேர்ப்பது ரெண்டு வேன் வைத்திருப்பவர், மெஸ் நடத்துபவர், நாலு மெஷினோடு ஜாப் வொர்க் செய்யும் பட்டறைக்காரர் மாதிரியான சின்னத் தொழில்காரர்கள்தான்.

அவர்களில் நீங்களும் ஒருவர் என்றால், இந்த போன் கால் உங்களுக்கும் வந்திருக்கும். ''சார், உங்க ஜி.எஸ்.டி நம்பருக்கு பிசினஸ் கிரெடிட் கார்டு ப்ரீ-அப்ரூவ்டு ஆகியிருக்கு. லைஃப்டைம் ஃப்ரீ. ஏர்போர்ட் லவுஞ்ச் கூட இருக்கு சார்!''

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வண்டி எடுக்கிறவருக்கு ஏர்போர்ட் லவுஞ்ச் எதுக்குங்க?

கார்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சரியாகப் பயன்படுத்தினால் வட்டியில்லாமல் கிடைக்கும் கைமாத்து அது. ஆனால், எந்த கார்டு என்பதை ரிவார்டு பாயின்ட் பார்த்து முடிவு செய்யக் கூடாது. உங்களுக்குப் பணம் வரும் தேதியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல்ல காலண்டரை எடுங்க!

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்களிடம் ரெண்டு வேன் இருக்கிறது, டீசலுக்கு மாதம் 60,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கார்டில் பில் போடும் தேதி ஒவ்வொரு மாதமும் 10. அதிலிருந்து 20 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும்.

ஜனவரி 11-ம் தேதி டீசல் போட்டால், அது பிப்ரவரி 10 பில்லில் வரும். கட்ட வேண்டிய கடைசி நாள் மார்ச் 2. ஆக, 50 நாள் வட்டியில்லாக் கடன். சூப்பர். ஆனால், அதே டீசலை ஜனவரி 5-ம் தேதி போட்டால்? ஜனவரி 10 பில்லிலேயே வந்துவிடும். ஜனவரி 30-க்குள் கட்டியாக வேண்டும். வெறும் 25 நாள்தான். விளம்பரத்தில் வரும் '50 நாள் வரை' என்பதில் இந்த 'வரை' என்ற வார்த்தைதான் முக்கியம்.

இப்போது கம்பெனி பக்கம் வாருங்கள். ஜனவரி மாத ட்ரிப்புக்கு நீங்கள் ஜனவரி 31-ம் தேதி பில் கொடுக்கிறீர்கள். கம்பெனி 60 நாள் கிரெடிட் என்றால் பணம் வருவது ஏப்ரல் 1. கார்டு பணம் கேட்பது ஜனவரி 30-லும் மார்ச் 2-லும். அதாவது, முதல் பத்து நாள் போட்ட டீசலுக்கு, நீங்கள் கம்பெனிக்கு பில் கொடுப்பதற்கு முன்னாடியே கார்டு பில் கட்ட வேண்டும்! மீதி டீசலுக்கும் ஒரு மாத இடைவெளி விழுகிறது.

இந்த இடைவெளியை உங்கள் கைக்காசால் சமாளிக்க முடியுமா? முடியும் என்றால் கார்டு உங்களுக்கு நண்பன். முடியாது என்றால் எந்த பேங்க் கார்டாக இருந்தாலும் அது மீட்டர் வட்டிக்குப் பக்கத்துவீடு.

600 ரூபாய் லாபம்... 2,478 ரூபாய் நஷ்டம்!

கார்டு வட்டி மாதம் 3.5% என்று எடுத்துக்கொள்வோம். பல கார்டுகளில் இந்த ரேஞ்ச்தான். 60,000 ரூபாயை ஒரு மாதம் கட்டாமல் விட்டால் வட்டி 2,100 ரூபாய். அந்த வட்டி மேல் 18% ஜி.எஸ்.டி, 378 ரூபாய். மொத்தம் 2,478. அதே 60,000-க்கு ஒரு சதவிகிதம் கேஷ்பேக் கிடைத்திருந்தால்கூட 600 ரூபாய்தான். ஒரே ஒரு மாதம் தவறினால், நாலு மாத கேஷ்பேக் காலி. வருடக் கணக்கில் பார்த்தால் ஜி.எஸ்.டி-யோடு சேர்த்து கிட்டத்தட்ட 50% வட்டி.

''மினிமம் டியூ கட்டிட்டா போதும்ல?'' என்று கேட்கலாம். பொதுவாக பாக்கியில் 5% அளவுக்கு மினிமம் டியூ கேட்பார்கள். 60,000-க்கு 3,000 ரூபாய். அதில் 2,478 வட்டிக்கும் வரிக்குமே போய்விட்டால், அசலில் குறைவது 522 ரூபாய். அதைவிடக் கொடுமை, பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாகப் போடும் டீசலுக்கும் வட்டியில்லா நாள்கள் கிடையாது. போட்ட அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

கோர்ட்டு பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. வருடத்துக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்ன தீர்ப்பை, 2024 டிசம்பர் 20-ம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

பர்சனல் கார்டா... பிசினஸ் கார்டா?

நம் பகுதியில் பலர் பர்சனல் கார்டிலேயே டீசலும் போடுவார்கள், பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸும் கட்டுவார்கள். மாதக் கடைசியில் தொழிலில் லாபமா, நஷ்டமா என்பதே தெரியாது. ஆடிட்டரும் திட்டுவார். தொழிலுக்குத் தனி கார்டு வைத்துக்கொள்வதன் முதல் பலன் இந்தக் குழப்பம் ஒழிவதுதான்.

ரெண்டாவது பலன், ஆட்-ஆன் கார்டு. டிரைவருக்கு ஒரு கார்டு கொடுத்து, அதற்கு மட்டும் தனி லிமிட் வைக்க முடியுமா என்று கேளுங்கள். மூன்றாவது, கார்டு கட்டணத்துக்கான இன்வாய்ஸில் உங்கள் ஜி.எஸ்.டி எண் வருமா என்று கேளுங்கள். வந்தால்தான் அந்த வரியை இன்புட் கிரெடிட்டாக எடுப்பது பற்றி ஆடிட்டரிடம் பேசவே முடியும்.

ஆனால், ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். கார்டில் கம்பெனி பெயர் அச்சடித்திருந்தாலும், நீங்கள் தனி உரிமையாளர் என்றால் சட்டப்படி தொழிலின் கடன் உங்கள் கடன்தான். பில் தவறினால் அடி விழுவது உங்கள் சொந்த கிரெடிட் ஸ்கோரில். நாளைக்கு வீட்டுக் கடனுக்கோ, மூணாவது வேனுக்கோ பேங்கில் போய் நிற்கும்போது அது வந்து வழிமறிக்கும்.

உங்கள் செலவு எங்கே போகுது?

கடைசி மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, அதிகச் செலவு எதற்கு என்று பாருங்கள்.

வேன் வைத்திருப்பவர்களுக்கு: 'ஃப்யூயல் சர்சார்ஜ் தள்ளுபடி' என்பதன் கீழே இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள். ஒரு தடவை இத்தனை ரூபாய்க்குள் போட்டால்தான் தள்ளுபடி, மாதத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கும். டேங்க் ஃபுல் பண்ணினால் அந்த வரம்பைத் தாண்டிவிடலாம். சாதாரண கார்டுகள் பலவற்றில் டீசலுக்கு ரிவார்டு பாயின்ட்டே கிடையாது. பெட்ரோலிய நிறுவனங்களோடு சேர்ந்து பேங்குகள் தரும் கார்டுகளையும், இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ராபவர், பாரத் பெட்ரோலியத்தின் ஸ்மார்ட்ஃப்ளீட் போன்ற ஃப்ளீட் கார்டுகளையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மெஸ், கேன்டீன் நடத்துபவர்களுக்கு: காய்கறி, அரிசி மண்டியில் ஸ்வைப் மெஷின் இருக்காது, க்யூ.ஆர் கோடு இருக்கும். ரூபே கிரெடிட் கார்டை யூ.பி.ஐ ஆப்பில் இணைத்துக் கடை க்யூ.ஆரை ஸ்கேன் செய்து கட்டும் வசதி 2022-லிருந்தே இருக்கிறது. உங்கள் சப்ளையர்கள் க்யூ.ஆர் ஆட்கள் என்றால் ரூபே கார்டுதான் உபயோகப்படும். ஆனால், கடைக்காரரின் க்யூ.ஆராக இருக்க வேண்டும், தனிநபர் யூ.பி.ஐ-க்கு இப்படி அனுப்ப முடியாது.

பட்டறைக்காரர்களுக்கு: கட்டிங் டூல், ஆயில், கூரியர், சாஃப்ட்வேர் போன்ற சில்லறைச் செலவுகளுக்கு கார்டு ஓகே. மெஷின் வாங்க கார்டைத் தேய்க்காதீர்கள். மெஷின் அஞ்சு வருஷம் உழைக்கும். அதற்கு டேர்ம் லோன்தான் சரி.

எல்லோருக்கும்: கார்டைத் தேய்த்துவிட்டு, கமிஷன் பிடித்துக்கொண்டு கேஷ் கொடுக்கும் கடைகள் பக்கம் போகவே போகாதீர்கள். கார்டு விதிகளுக்கு எதிரானது, கார்டையே முடக்கிவிடுவார்கள். ஏ.டி.எம்-மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பதும் அப்படித்தான் வலிக்கும். கட்டணம் தனி, வட்டி எடுத்த நாளிலிருந்தே தொடங்கும்.

இடைவெளி பெருசா இருந்தா?

காலண்டர் கணக்கில் 30 நாளுக்கு மேல் துண்டு விழுகிறது என்றால், உங்களுக்குத் தேவை வேறு கார்டு இல்லை, வேறு வழி.

ஒன்று, ஓ.டி அல்லது கேஷ் கிரெடிட். வருடம் 12% வட்டி என்று வைத்துக்கொண்டால், அதே 60,000-க்கு மாதம் 600 ரூபாய்தான். கார்டில் 2,478! பேப்பர் வேலை அதிகம்தான், ஆனால் அலைவது வீண் போகாது. முத்ரா திட்டத்தில் 10 லட்சம் வரையும், ஏற்கெனவே 'தருண்' பிரிவில் வாங்கி ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு 20 லட்சம் வரையும் கடன் உண்டு. உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில்களுக்கு 5 லட்சம் ரூபாய் லிமிட்டில் தனி கிரெடிட் கார்டு என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதையும் பேங்கில் கேளுங்கள்.

ரெண்டு, பணத்தையே சீக்கிரம் வரவைப்பது. 2006-ம் வருட எம்.எஸ்.எம்.இ சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால், ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 60 நாள் கிரெடிட் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் 45-தான் கணக்கு. 2023 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு கிடுக்கிப்பிடி போட்டார்கள். இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, உண்மையில் பணம் கொடுத்த வருடத்தில்தான் கம்பெனி செலவாகக் காட்ட முடியும். இவை உற்பத்தி, சேவைத் தொழில்களுக்கானவை. வாங்கி விற்கும் வியாபாரத்துக்குப் பொருந்தாது.

''கேஸ் போட்டா அடுத்த ஆர்டர் கட் ஆகிடுமே?'' அந்தப் பயம் நியாயமானது. அதனால் சண்டையில் ஆரம்பிக்க வேண்டாம். உத்யம் எண்ணை ஒவ்வொரு இன்வாய்ஸிலும் அச்சடியுங்கள். கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் பிரிவில், ''நீங்க ட்ரெட்ஸ்ல இருக்கீங்களா சார்?'' என்று கேளுங்கள். ட்ரெட்ஸ் என்பது ரிசர்வ் வங்கி அனுமதியோடு நடக்கும் ஆன்லைன் தளம். கம்பெனி ஒப்புக்கொண்ட இன்வாய்ஸை வைத்து, பேங்குகள் போட்டி போட்டு உங்களுக்கு முன்கூட்டியே பணம் தரும். பிறகு கம்பெனி கட்டாவிட்டால் உங்களிடம் திரும்பக் கேட்க மாட்டார்கள். 250 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ள கம்பெனிகள் இதில் சேர வேண்டும் என்பது விதி.

கையெழுத்துக்கு முன்னால்...

1. பில் தேதியை மாற்ற முடியுமா? ஒரு தடவையாவது மாற்றும் வாய்ப்பு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கம்பெனி 1-ம் தேதி பணம் போடும் என்றால், உங்கள் கடைசித் தேதி 5, 6 வாக்கில் விழும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

2. வருடக் கட்டணம் நிஜமாகவே இல்லையா, குறிப்பிட்ட தொகை செலவழித்தால்தான் இல்லையா?

3. வட்டி மாதத்துக்கு எவ்வளவு, வருடத்துக்கு எவ்வளவு? வாயால் சொல்வது வேண்டாம், எழுத்தில் கேளுங்கள்.

4. ஆட்டோ டெபிட்டில் 'டோட்டல் டியூ' என்று டிக் அடித்திருக்கிறதா? 'மினிமம் டியூ' என்று இருந்தால் மாற்றுங்கள்.

5. தாமதக் கட்டணம் எப்போது விழும்? கெடு தேதியிலிருந்து மூன்று நாளுக்கு மேல் தாண்டினால்தான் தாமதக் கட்டணம் போடவோ, கிரெடிட் நிறுவனங்களுக்குச் சொல்லவோ முடியும். ஆனால், இந்த மூன்று நாள் வட்டிக்கு விடுமுறை இல்லை.

6. மூடுவது எப்படி? பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். புகாருக்கு 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

வருமான வரிக் கணக்கு இல்லை, ஸ்கோரும் இல்லை என்றால், ஃபிக்ஸட் டெபாசிட்டை ஈடாக வைத்துத் தரும் கார்டில் ஆரம்பிக்கலாம். உங்கள் சேமிப்புதான் அதன் லிமிட் என்பதால் அகலக்கால் வைக்க முடியாது.

ஒரே கேட்டை நம்பாதீங்க!

கடைசியாக ஒன்று. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1-ல் நின்றது. பக்கத்திலேயே மறைமலை நகரில் ஃபோர்டு, 2022-ல் உற்பத்தியை முடித்துக்கொண்டது. பெரிய கேட் மூடினால் உங்கள் வேனும் நிற்கும். கார்டு பில் நிற்காது.

அதனால், பேங்க் மூன்று லட்சம் லிமிட் கொடுக்கிறது என்பதற்காக மூன்று லட்சமும் உங்களுடையது ஆகிவிடாது. உங்கள் பெரிய கஸ்டமர் ஒரு மாதம் பணம் போடாவிட்டாலும், கையில் இருப்பதை வைத்து எவ்வளவு கட்ட முடியும்? அதுதான் உங்கள் லிமிட். அடுத்த தடவை ''ப்ரீ-அப்ரூவ்டு சார்'' என்று போன் வந்தால், லவுஞ்ச் பற்றி விசாரிக்காதீர்கள். ''பில் தேதி என்னிக்குங்க?'' என்று கேளுங்கள்!